பிரசவ வார்டின் முன்சுவர்

“கையுறையை எல்லாம் வெளியே எடுங்க சிஸ்டர், சீக்கிரம்! பின்னால வரிசை கத்துது பாருங்க!”

விமான நிலையத்து எடை மேடைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, தன் பெட்டியின் குடலைத் தானே உருவிக்கொண்டிருந்தாள் நர்ஸக்கா. கையுறைக் கட்டுகள், தொப்புள்கொடிக் கிளிப்புகள், தையல் நூல், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எடுக்க, காலியான இடத்தில் சபையின் மிஷன் செயலாளர் தன் சாமான்களைத் திணித்தார். ஒரு துணிச் சிங்கம். ஒரு துணித் திமிங்கலம். ‘தேசங்களை நோக்கி’ என்று எழுதிய பேனர். அப்புறம் பெயிண்ட் ரோலர்கள், கை கொள்ளாமல்.

“அங்கிள், ரோலர் அந்த ஊர்க் கடையில கிடைக்காதா?”

“கிடைக்கும். ஆனா அது ஜெபம் பண்ணாத ரோலர்.”

உண்மைதான். போன ஞாயிறு ஆராதனையில் ரோலர்களை மேடையில் வரிசையாகப் படுக்க வைத்து, பாஸ்டர் அவற்றின் மேல் கைவைத்து ஜெபிக்க, சபையே எழுந்து நின்று ஆமென் சொல்லியிருந்தது. தொப்புள்கொடிக் கிளிப்புக்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆகவே அது தரையில் கிடந்தது.

செயலாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, திமிங்கலத்தின் வயிற்று ஜிப்பைத் திறந்து, கொள்ளுமட்டும் கையுறைகளையும் கிளிப்புகளையும் உள்ளே தள்ளினாள் நர்ஸக்கா. ஆளையே விழுங்கிய மீனுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு காரணத்துக்காக. அவளுடைய தங்கை தூங்க வேண்டும்.

தங்கையும் நர்ஸ்தான். சபையின் பின்பக்கம் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருக்கும். ஊசியிலிருந்து ஒரு நூல். நூலின் முனையில் தங்கையின் புகைப்படம், கீழே ‘நம் மிஷனரி’ என்ற எழுத்து. படத்தில் இருப்பவள் கன்னம் உப்பிய சின்னப் பெண். அவள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊசி மட்டும் துருப்பிடித்திருந்தது. டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், காய்ச்சலிலிருந்து பிரசவம் வரை எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தி.

ஒரு நாள் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, எனக்கு சாமான் எதுவும் அனுப்ப வேண்டாம். நீ வா. வந்து என் டூட்டியைப் பாத்துக்கோ. நான் ஒரு நாள் முழுசாத் தூங்கணும். யாரும் எழுப்பாம. அவ்வளவுதான்.”

“வரேண்டி. நிச்சயமா வரேன். எப்போ வரட்டும்?”

நர்ஸக்கா காதைத் தீட்டிக் கேட்டாள். மறுமுனையில் மெல்லிய குறட்டை. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போயிருந்தாள்.

நர்ஸக்கா மறுநாளே தன் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்திருந்த லீவு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தாள். ஆனால் அந்தத் தேசத்துக்குள் போகச் சபையின் அழைப்பு வேண்டும். சபையோ தனி ஆளை அனுப்பாது. அனுப்பினால் குழுவாகத்தான் அனுப்பும்.

“உன் தங்கச்சியைத் தூங்க வைக்க இத்தனை பேர் தாலாட்டு பாடப் போறாங்களா?” என்று கேட்டார் அவள் கணவர். கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான்.

மிஷன் கமிட்டி அவளைப் பேட்டி கண்டது. நீள மேஜை, பூப்போட்ட விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கமிட்டியில் இருந்த யாரும் கடல் தாண்டியதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தேசங்களைக் குறித்த பாரம் இருந்தது. செயலாளருக்கு அந்தப் பாரத்தோடு முதுகுவலியும் இருந்ததால் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“உங்க வரம் என்ன சிஸ்டர்?”

“பிரசவம் பார்ப்பேன்.”

“அது உங்க வேலை. வரம் என்னன்னு கேட்டேன். பாட்டு? சாட்சி? பொம்மலாட்டம்?”

“ரத்தப்போக்கு நிக்கலைன்னா நிறுத்தத் தெரியும்.”

செயலாளர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பெயிண்ட் அடிப்பீங்களா?”

“அடிச்சதில்லை.”

“அப்ப சரி. பெயிண்டிங் டீம்ல போட்டுக்கறோம். தெரியாதவங்களைத்தான் கர்த்தர் எடுத்து உபயோகப்படுத்துவார்.”

அங்கே புதிதாக ஒரு பிரசவ வார்டு கட்டியிருப்பதாகவும், அதன் முன்சுவருக்கு வருகிற குழு பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் பெரிய உதவி என்றும் தங்கை எழுதியிருந்தாளாம். இது நர்ஸக்காவுக்கே செய்தி. அந்தச் சுவரைக் குறித்துக் கமிட்டி வாராவாரம் கூடியது. பெண்கள் ஐக்கியம் ரோஜா நிறம் கேட்டது. ஆண்கள் ஐக்கியம் வானநீலம்தான் பரலோகத்தின் நிறம் என்றது. வாலிபர்கள் எதுவும் கேட்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. கடைசியில் பாஸ்டர் மூன்று நாள் உபவாசம் இருந்து, மேலே நீலம், கீழே ரோஜா என்று அறிவித்தார். சபை கண்ணீர் விட்டது.

பிறகு பயிற்சி. பயிற்சியைக் கொடுத்தது பாஸ்டரின் மருமகன். அவனிடம் பெரிய கேமரா இருந்தது. அதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? “குழந்தையை இடது பக்கம் தூக்கக்கூடாது, லோகோ மறையும். வலது பக்கம் தூக்கணும். மூக்கு ஒழுகினா போட்டோ எடுக்கற வரைக்கும் துடைக்காதீங்க. எடுத்ததும் துடைங்க, அதையும் எடுத்துக்கறேன்.” எல்லோரும் தலையணையை வலது பக்கம் தூக்கிப் பழகினார்கள். நர்ஸக்கா ஆயிரக்கணக்கில் குழந்தைகளைத் தூக்கியவள். அவளுக்கு அது மட்டும் வரவில்லை. தலையணையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வழியனுப்பும் ஆராதனையன்று அவள் இரவு டூட்டி முடித்து நேராகச் சபைக்கு வந்திருந்தாள். குழுவை மண்டியிடச் சொல்லி, மூப்பர்கள் தலையில் கை வைத்தார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் நின்றவரின் தோளில் வைத்தார்கள். ஜெபம் நீண்டது. மூப்பர் ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். தலைமேல் இதமான வெதுவெதுப்பு. நர்ஸக்கா அப்படியே முன்னால் சாய்ந்து, கம்பளத்தில் கன்னம் பதித்து, தூங்கிப் போனாள்.

“அபிஷேகம்!” என்று யாரோ கத்தினார்கள். இசைக்குழு சுருதி ஏற்றியது. அவள் எழுந்தபோது பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் அவளைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் தங்கை ஓடி வந்தாள். படத்திலிருந்த கன்னங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் கருப்பு. நர்ஸக்கா இறங்கி ஓடிக் கட்டிக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

“ஒரு நிமிஷம்,” என்றான் மருமகன். “வெயில் எதிர்ல அடிச்சிடுச்சு. இன்னொரு தடவை ஓடி வாங்களேன்.”

ஓடி வந்தார்கள். இரண்டாவது தடவை பின்னால் ஒரு ஆடு குறுக்கே வந்துவிட்டது. மூன்றாவது தடவை இருவருக்கும் அழுகை வரவில்லை. மூச்சுத்தான் வாங்கியது. “இதுதான் சூப்பர்,” என்றான் அவன். “முகத்துல ஒரு சமாதானம் தெரியுது.”

கட்டிப்பிடித்தபடியே தங்கையின் காதில் கேட்டாள் நர்ஸக்கா. “இப்பவே போய்ப் படு. நான் பாத்துக்கறேன்.”

“எங்கக்கா படுக்கறது? இத்தனை பேருக்கும் சாப்பாடு சொல்லணும். கொதிக்க வெச்ச தண்ணி, கொசுவலை, டாய்லெட்… நீங்க போற வரைக்கும் எனக்கு இன்னொரு டூட்டி.”

நர்ஸக்காவுக்குச் சுருக்கென்றது. தங்கையைத் தூங்க வைக்க வந்தவள், தூக்கத்தைக் கெடுக்க ஒரு வேன் நிறைய ஆட்களையும் கூட்டி வந்திருக்கிறாள்.

புதிய வார்டின் முன்சுவர் ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளி, சாலையைப் பார்த்து, நல்ல நீளமாக நின்றது. இரு பக்கமும் ஆள் உயர முள்வேலி. நடுவில் ஒரு கதவு, பூட்டியிருந்தது. மூடிய ஒரு ஜன்னல். கதவில் ‘பிரசவ வார்டு. ஊழியர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது’ என்று இரண்டு மொழிகளில் தங்கையின் கையெழுத்து.

சுவரைச் சுரண்டியபோது உள்ளே மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே ஒரு புறாவின் வால்.

“முன்னால வேற சபைக்காரங்க அடிச்சிருக்காங்க போல,” என்றாள் நர்ஸக்கா.

“அவங்க உபதேசம் சரியில்லாதவங்க,” என்றார் செயலாளர். “அதான் உரியுது.”

குழுவை விட்டு யாரும் தனியே போகக்கூடாது என்பது பாஸ்டரின் கட்டளை. தங்குவது விடுதியில், வருவது வேனில், சாப்பிடுவது ஒன்றாக. நர்ஸக்கா ரோலரும் கையுமாக நின்று, முற்றத்துக்கு அந்தப் பக்கம் தங்கை வாளியோடும் ஊசியோடும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமுறை ரோலரைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினாள். இருமுறையும் செயலாளர் அன்போடு மறித்தார்.

“அங்கே ஒரு பொண்ணு வலியில வந்திருக்கா அங்கிள். தங்கச்சி ஒண்டியாப் பாக்கறா. நான் போகணும்.”

“சிஸ்டர், ஒண்ணு யோசிங்க. பிரசவம் தினம் நடக்கும். இந்தச் சுவர் நம்ம சபை சரித்திரத்துல ஒரு தடவைதான்.” குரலைத் தாழ்த்தினார். “அதுவும் இல்லாம நீங்க அங்கே போனா இங்க ரோஜா கலர் பாதியில நிக்கும். சாத்தான் இதுக்குத்தான் காத்துட்டிருக்கான்.”

மத்தியானம் நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் முற்றத்தில் உட்கார வைத்து பாஸ்டர் பிரசங்கம் செய்தார். மொழிபெயர்ப்பு தங்கை. பாஸ்டர் கடலைப் பற்றியும் புயலைப் பற்றியும், தான் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைக்காமல் பட்ட பாடுகளைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். தங்கையும் அதே உருக்கத்தோடு, கையை அதேபோல் உயர்த்தி, அந்த ஊர் மொழியில் சொன்னாள். ஜனங்கள் பயபக்தியோடு கேட்டார்கள். சில பெண்கள் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னடி சொன்னே?” என்று பிறகு கேட்டாள் நர்ஸக்கா.

“சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கணும், தொப்புள்கொடி விழுந்த இடத்துல சாம்பல் தடவக்கூடாதுன்னு. நான் வருஷம் முழுக்கச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அவர் குரல்ல சொன்னா நடுங்கறாங்க.” தங்கை சிரித்தாள். “நல்ல குரல்க்கா அவருக்கு. பாவம்.”

“புது வார்டைக் காட்டேன். நான் ஊழியர்தானே?”

தங்கை சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். “அப்புறம் காட்டறேன்,” என்றாள்.

மூன்றாம் நாள் குழுவில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கியது. கொதிக்க வைத்த தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று செயலாளர் குழாய்த் தண்ணீரைக் குடித்து, மற்றவர்களுக்கும் விசுவாசத்தைக் குறித்து எடுத்துச் சொல்லியிருந்தார். அன்று ஆஸ்பத்திரியில் இருந்த படுக்கைகள் எல்லாம் சபைக்குப் போயின. அந்த ஊர் நோயாளிகள் தாழ்வாரத்தில் பாய் விரித்துக்கொண்டு, சுகமில்லாத மிஷனரிகளை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து செயலாளரின் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன பண்றாரு?” என்று அலறினார் செயலாளர்.

“உங்களுக்காக ஜெபம் பண்றாரு,” என்றாள் தங்கை.

“இவங்களுக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா?”

“நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இங்க சபை இருக்கு அங்கிள். இவர் அதுல மூப்பர்.”

செயலாளர் போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டார். “இதை ரிப்போர்ட்ல போட வேண்டாம்,” என்றார் மருமகனிடம்.

அந்தக் குழப்பத்தில்தான் நர்ஸக்காவுக்கு ஒரு பொழுது வார்டில் வேலை செய்யக் கிடைத்தது. திமிங்கலத்தைப் பிரித்துக் கையுறைகளை எடுத்துக்கொண்டாள். ஆனால் தங்கை தூங்கவில்லை. அவளுக்கு அன்று இன்னும் அதிக வேலை. சலைன் பாட்டிலை மாட்டிக்கொண்டே நின்ற நிலையில் கண்ணை மூடினாள். நர்ஸக்கா பிடித்திருக்காவிட்டால் செயலாளரின் மேலேயே விழுந்திருப்பாள்.

மறுநாள் எல்லோரும் தேறிவிட்டார்கள். மறுபடியும் சுவர்.

விடுதிக்குத் திரும்பும் வேனில் பாஸ்டர் நர்ஸக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் நீல பெயிண்ட் காய்ந்திருந்தது. மைக் இல்லாத பாஸ்டரை அவள் அன்றுதான் பார்த்தாள். சின்ன மனிதராகத் தெரிந்தார்.

“பாஸ்டர், நாளைக்கு ஒரு நாளாவது என்னை ஆஸ்பத்திரியில விட்டுடுங்க. அவ தூங்கி எத்தனையோ நாளாச்சு. விழுந்துடுவா.”

“எனக்குப் புரியுது சிஸ்டர்.” வெளியே பார்த்தார். “வாலிபத்துல நானே இப்படி ஒரு தேசத்துக்குப் போகணும்னு இருந்தேன். அப்பா விடல. பக்கத்து சபை டீம் அனுப்பினப்போ மூப்பர்கள், நாம எப்போன்னு கேட்டாங்க. போயிட்டுத் திரும்பி வந்தா, என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. தூங்க வெச்சோம்னு சொல்ல முடியுமா? ஆத்துமாவை போட்டோ எடுக்க முடியாது. சுவர்னா ஆரம்பம் இருக்கு, முடிவு இருக்கு. அடிச்சு முடிச்சா, முடிஞ்சதுன்னு தெரியுது. என் ஊழியத்துலயே எனக்கு அப்படித் தெரியறது இது ஒண்ணுதான்.”

நர்ஸக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. “நாளைக்கு?” என்றாள்.

“நாளைக்குப் பிரதிஷ்டை,” என்றார் பாஸ்டர். “எல்லாரும் இருக்கணும்.”

கடைசி நாள். மேலே நீலம், கீழே ரோஜா, நடுவில் சபையின் பெயர். கதவில் ரிப்பன். பேனர் கட்டியாயிற்று. சிங்கமும் திமிங்கலமும் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தன. அன்று மாலையே விமானம். மருமகன் வெயிலின் கோணத்தை அளந்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினான்.

“எங்கே நம்ம மிஷனரி?” என்றார் செயலாளர். “சாட்சி சொல்லணும். ரிப்பனைப் பிடிக்கணும். ரெண்டு ஆங்கிள்ல அழணும்.”

தங்கையைக் காணோம்.

“சிஸ்டர், நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ஆரம்ப ஜெபம் பண்றேன்,” என்றார் பாஸ்டர்.

நர்ஸக்கா ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். இரண்டு தாய்மார்கள், ஒரு தொட்டில், மருந்து வண்டி. தங்கை இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா மோவாயால் பின்வாசலைக் காட்டினாள். உதட்டில் விரலையும் வைத்துக் காட்டினாள்.

பின்வாசல் தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, கொடியில் காயும் போர்வைகளை விலக்கிக்கொண்டு போனாள். முள்வேலியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து. நுழைந்தாள். சேலையைப் பிடித்த முள்ளை விடுவித்துவிட்டு நிமிர்ந்தாள்.

வார்டைக் காணோம்.

கூரை இல்லை, படுக்கை இல்லை, பக்கச் சுவர்கூட இல்லை. முழங்கால் அளவு புல். புல்லின் ஓரத்தில் அந்த ஒற்றைச் சுவர் மட்டும், விழாமலிருக்க மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து நின்றது. பின்பக்கம் பூச்சுகூடப் பூசாத வெறும் செங்கல். அதன் நிழலில் ஒரு மடக்குக் கட்டில். கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் தங்கை.

சுவருக்கு அந்தப் பக்கம் மைக் முழங்கியது.

“இந்தச் சுவருக்குப் பின்னாலே என்ன இருக்குன்னு நாங்க பாக்கல, ஆண்டவரே! ஆனாலும் விசுவாசிக்கிறோம்! உள்ளே இருக்கற ஒவ்வொரு தாய்க்கும் இளைப்பாறுதல் தாரும்!”

“ஆமென்!” என்றது சபை.

தங்கையின் ஒரு கண் திறந்தது. அக்காவைப் பார்த்தது. எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“முடிச்சிட்டாங்களா?”

“இல்லை, ஆரம்ப ஜெபம்தான் போகுது. படு.” நர்ஸக்கா அவள் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். அவள் இடுப்பிலிருந்த மருந்து அலமாரிச் சாவியை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “எனக்கு லீவு இன்னும் மிச்சமிருக்கு. வேன் என்னை விட்டுட்டே போகட்டும். இனிமே வார்டு என் பொறுப்பு. இன்னிக்கு, நாளைக்கு, நீயா எழுந்திருக்கற வரைக்கும்.”

“அவர் கட்டளை போடுவாரேக்கா?”

“போடட்டும். நான் ரோலரைக் கீழ போட்டுட்டேன்.”

தங்கை கண்ணை மூடினாள். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம். அதைப் படம் எடுக்க யாருமில்லை.

நர்ஸக்கா செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். கதவின் பின்பக்கத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். “ஏண்டி, வார்டு கட்ட ஆரம்பிச்சு நின்னு போச்சா?”

“நிக்கலக்கா. முழுசாக் கட்டியாச்சு.” தூக்கம் அவள் நாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. “உனக்கு முகத்துல ஒண்ணையும் மறைக்கத் தெரியாது. அதான் சொல்லல. முன்னால ஒரு சபைக்காரங்க வந்து, நிஜமான பிரசவ ரூமுக்கே பெயிண்ட் அடிச்சாங்க. உள்ளே ஒருத்திக்கு வலி. அந்த வாடையில வாந்தி எடுத்துக்கிட்டே பெத்தா. அடிக்க வேண்டாம்னு கெஞ்சினேன், ஊழியத்தைத் தடுக்கறேன்னாங்க. அவங்க போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். முன்னாடி நல்லா நீளமா இருக்கட்டும், பின்னாடி ஒண்ணும் வேண்டாம்னேன். அப்ப இது என்ன கட்டிடம்னு கேட்டாரு.”

“என்ன சொன்னே?”

“வர்றவங்க பெயிண்ட் அடிக்கறதுக்குன்னேன்.”